மாடி கட்டுறதுல மிச்சம் பிடிக்கிறோமே, அது யாரோட கூலி?



சம்பளம் கொஞ்சம் ஏறி, கையில நாலஞ்சு லட்சம் சேர்ந்ததும் நம்ம வீடுகள்ல ஒரு பேச்சு கிளம்பும். "மேல ஒரு ரூம் எடுத்துடலாமா?" வீட்டுல ஒருத்தருக்குக் கல்யாணப் பேச்சு ஓடிட்டிருந்தா அது இன்னும் வேகமா கிளம்பும். அடுத்த வாரமே ரெண்டாவது வாக்கியமும் வந்துடும்: "காண்ட்ராக்ட் விட்டா நல்லா வச்சு அடிச்சிடுவாங்க. ஒரு மேஸ்திரியைப் பிடிச்சு, ஜாமான் எல்லாம் நாமளே வாங்கிப்போட்டு, நின்னு கட்டினா ஒண்ணரை, ரெண்டு லட்சம் மிச்சம்."

இந்த ரெண்டாவது வாக்கியத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். அது பொய்யில்ல. நின்னு கட்டினா உண்மையாவே பணம் குறையும். ஆனா அதுக்கு "மிச்சம்"னு பேர் வைக்கிறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. நீங்களும் உங்க வீட்டு ஆளுங்களும் நாலஞ்சு மாசம் பார்க்கப்போற இன்னொரு வேலையோட கூலி அது. கூலின்னு ஒத்துக்கிட்டா உடனே சில கேள்விகள் வரும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுது? அந்த வேலையை யார் பார்க்கிறாங்க? அவங்ககிட்ட நீங்க கேட்டீங்களா? மிச்சம்னு சொல்லிட்டா இந்தக் கேள்வி எதுவும் வராது.

முதல்ல ஒண்ணு. மாடி எடுக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. சொல்லப்போனா, புது ஃப்ளாட் வாங்கறதைவிட இது பல பேருக்கு நல்ல முடிவு. நிலத்துக்குக் காசு கிடையாது, அதனாலதான். 9 லட்சம் போட்டு மேல ஒரு சின்ன வீடு எடுத்து, மாசம் 6,000 வாடகை வந்தா வருஷத்துக்கு 72,000. போட்ட பணத்துக்கு 8%. நகரத்துல ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டவங்களைக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் 3% பக்கத்துலதான் நிப்பாங்க. வாடகைக்கு விடாம நீங்களே குடியிருந்தாலும், வெளியில கொடுக்கிற வாடகை நிக்குது. அதனால கட்டுறதா வேண்டாமாங்கிறது இங்க கேள்வி இல்ல. வேலையும் குடும்பமும் ஓடிக்கிட்டிருக்கும்போது எதை நீங்க செய்யணும், எதைக் காசு கொடுத்து விடணும், அதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். வெளிநாட்டு சேனல்கள்ல புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து வீட்டோட ஒரு அறையை ஒட்டிக் கட்டுறதைப் பார்த்துட்டு நம்மாளுங்க சிலர் ஆசைப்படுறாங்க. அங்க மரச்சட்டம், பலகை. ரெண்டு பேர் சனி ஞாயிறுல ஆணி அடிச்சே எழுப்பிடலாம். நம்மளது செங்கல், கம்பி, கான்கிரீட். கூரை போடுற அன்னைக்கு ஒரே நாள்ல பத்துப் பன்னிரண்டு பேர் வேணும், பாதியில நிறுத்த முடியாது. அதனால நம்ம ஊர்ல "நானே கட்டினேன்"னா "நானே நின்னு கட்டவச்சேன்"னுதான் அர்த்தம். உங்க கையாலயே செய்யணும்னு ஆசை இருந்தா உள்பக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடிங்க, பசங்களுக்கும் பிடிக்கும். சாரம் கட்டி அடிக்கிற வெளிச்சுவர் பக்கம் போகவே போகாதீங்க.

கணக்குக்கு வருவோம்

450 சதுர அடி. ஒரு பெட்ரூம், சின்ன ஹால், ஒரு பாத்ரூம். ரேட் ஊருக்கு ஊர் மாறும், அதனால இந்த எண்களைக் கணக்குக்காக மட்டும் வச்சுக்கங்க, உங்க ஊர் எண்ணைப் போட்டு நீங்க திருப்பிப் போடுங்க.

முழு காண்ட்ராக்ட், சதுர அடி 2,300. மொத்தம் 10,35,000 ரூபாய். லேபர் காண்ட்ராக்ட் விட்டு, ஜாமான் நீங்க வாங்கினா சதுர அடி 1,950 வருதுன்னு வச்சுப்போம். மொத்தம் 8,77,500. வித்தியாசம் 1,57,500. இதுதான் எல்லாரும் சொல்ற மிச்சம்.

இப்ப உங்க நேரம். வேலைநாள்ல சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம், சனி ஞாயிறு தலா நாலு மணி நேரம், நடுவுல போன்ல போறது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். வாரத்துக்கு 14 மணி நேரம். 20 வாரத்துக்கு 280. வகுத்துப் பார்த்தா மணிக்கு 562 ரூபாய். மாசம் 50,000 சம்பளம் வாங்கறவருக்கு, 25 நாள், 8 மணி நேரம்னு போட்டா ஆபீஸ்ல மணிக்கு 250தான் விழுது. அட, சம்பளத்தைவிட ரெண்டு மடங்கு! இந்த இடத்துலதான் நிறைய பேர் கணக்கை மூடிட்டு மேஸ்திரிக்குப் போன் போடுறாங்க.

மூடாதீங்க. எட்டு நாள் லாஸ் ஆஃப் பே போச்சுன்னா 16,000. பெட்ரோல், அவசரத்துக்குக் குட்டி யானை வாடகை, இறக்குகூலி எல்லாம் 10,000. மிஞ்சிப்போன அரை லோடு மணல், மழையில நனைஞ்சு கட்டியான சிமெண்ட் மூட்டை, அளவு தப்பி வாங்கின டைல்ஸ், இதெல்லாம் 20,000. கழிச்சா 1,11,500. மணிக்கு 398. பரவாயில்ல, இன்னும் நல்ல கூலிதான்.

அடுத்த வரியைத்தான் யாரும் எழுத மாட்டாங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கிற அந்தப் பகல் முழுக்க சைட்ல யார் இருக்காங்க? அப்பா. செங்கல் லோடு வந்தா எண்ணி இறக்குறது அப்பா. காலையிலயும் சாயங்காலமும் சுவருக்குத் தண்ணி அடிக்கிறது அம்மா. ஆறேழு பேருக்கு ரெண்டு வேளை டீ போடுறது அம்மாவோ உங்க மனைவியோ. "அண்ணி, மோட்டார் போடுங்க", "அம்மா, அந்தச் சாவி குடுங்க"ன்னு நாள் முழுக்கக் கூப்பிடுவாங்க. மூணு பேர் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னு குறைச்சே போட்டாலும், 100 நாளைக்கு 300 மணி நேரம். உங்க 280ஐவிட அது கூட. இப்ப 1,11,500ஐ 580ஆல வகுங்க. 192 ரூபாய்.

உங்க சம்பளத்தைவிடக் கம்மி. அதுலயும் பாதிக்கு மேல உழைச்சவங்களுக்கு ஒரு ரூபாகூடக் கைக்கு வராது. அவங்க பேர்கூட வெளியில வராது. "எங்க பையன் தனியா நின்னு மாடி கட்டிட்டான்"னு அந்த அம்மாவே தெருவுல சொல்லிக்கிட்டிருப்பாங்க.

192 கேவலமான கூலின்னு நான் சொல்லலை. சில வீட்டுல அது தேவை. ஆனா 60 வயசு தாண்டின அப்பாவை, முட்டிவலி இருக்கிற அம்மாவை, காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுற மனைவியை இந்த வேலைக்குச் சேர்க்கிறோம்னு தெரிஞ்சு சேர்க்கணும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உட்கார வச்சு, யார் எதைப் பார்க்கிறது, எது முடியாதுன்னு கேட்டுடுங்க. அப்பா "நான் இருக்கேன்ல"ன்னுதான் சொல்வார். அதை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. மாடிப்படிக்குக் கைப்பிடி வர்றதுக்கு முன்னாடி அவர் தினம் எத்தனை தடவை மேல ஏறி இறங்கணும்னு நீங்களே ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

டீயை எடுத்துக்கங்க. வேலை நடக்கிற நாள் 90, ஆள் ஏழு பேர், ரெண்டு வேளை. 1,260 டீ. பக்கத்து டீக்கடையில கணக்கு வச்சுட்டா, ஒரு டீ 12 ரூபாய்னு 15,000 சொச்சம். பெரிய செலவா தெரியும். அம்மா அடுப்படியில நின்ன 90 நாள் மட்டும் கண்ணுக்கே தெரியாது. நான் உங்க இடத்துல இருந்தா டீக்கடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தண்ணி அடிக்கிறதும் அப்படித்தான், தெருவுல யாராவது ஒருத்தருக்கு நாள் கணக்குல காசு பேசி விட்டுடலாம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்றபடி சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது 7 நாள் ஈரம் காயாம வச்சிருக்கணும். இப்ப நாம வாங்கறதுல பெரும்பாலும் பி.பி.சி. சிமெண்ட்தான், அதுக்கு 10 நாள், முடிஞ்சா 14. நம்ம வெயிலுக்கு 14ன்னே வச்சுக்கங்க. ஒரு வேளை தண்ணி அடிக்க மறந்தா அது பின்னாடி விரிசலா வந்து நிக்கும். அதனால "யாராவது அடிப்பாங்க"ன்னு விடக்கூடிய வேலை இல்ல இது.

எந்த மணி நேரத்துக்கு மவுசு

எல்லா மணி நேரமும் ஒரே விலை கிடையாது. சில வேலைக்கு உங்க நேரம் மணிக்கு ஆயிரக்கணக்குல பெறும். சில வேலைக்கு ஐம்பது ரூபாய்கூடப் பெறாது. சம்பளக்காரங்க பொதுவா தப்பான பக்கத்துல நேரத்தைப் போடுறாங்க. கொத்தனார் செங்கல் வைக்கிறதை மூணு மணி நேரம் நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. பேப்பர் வேலைக்கு அரை நாள் லீவ் போட மாட்டாங்க.

பேப்பர்னா முதல்ல கட்டட அனுமதி. "மாடிதானே, யார் கேட்கப்போறா"ன்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய. 2024 ஜூலையில தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமும் அதுக்கு மேல ஒரு தளமும் இருக்கிற வீட்டுக்கு ஆன்லைன்லயே அனுமதி. உங்க வீடு அதுல வருமா, இல்ல வழக்கமான முறையில போகணுமான்னு பதிவுபெற்ற இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட கேட்டு முடிச்சுடுங்க.

இதுக்கும் பணத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. அனுமதி பெற்ற பிளானும் எஸ்டிமேட்டும் இருந்தாத்தான் பேங்க் வீட்டை விரிவாக்கறதுக்கான கடன் கொடுக்கும். இல்லைன்னா நீங்க பர்சனல் லோன் பக்கம் போவீங்க. 5 லட்சம், 5 வருஷம். 9% வட்டின்னா மாசத் தவணை 10,379. அதையே 14%க்கு எடுத்தா 11,634. மாசம் 1,255 வித்தியாசம், 60 மாசத்துக்கு 75,300 ரூபாய். கடை கடையா ஏறி இறங்கி, வீட்டையே வேலை வாங்கி நீங்க பிடிச்ச அந்த 1,57,500ல கிட்டத்தட்ட பாதி, ஒரு காகிதம் இல்லாத காரணத்தால போயிடும். அந்தக் காகிதத்துக்கு 15 மணி நேரம் அலைஞ்சாலும் மணிக்கு 5,000 ரூபாய் கூலி. உங்க வாழ்க்கையில இவ்வளவு சம்பளத்துக்கு யார் வேலை கொடுத்தா?

அடுத்து, ஏற்கெனவே இருக்கிற வீடு மாடியைத் தாங்குமா. பழைய வீட்டுல தூண் கம்பியை மேல நீட்டி விட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு "அப்பவே மாடிக்குத்தான் போட்டது"ன்னு சொல்வாங்க. பதினைஞ்சு வருஷம் மழையில நின்ன கம்பி எந்த நிலைமையில இருக்கு, கீழ அஸ்திவாரம் என்ன ஆழம், இதை மேஸ்திரி வாயால முடிவு பண்ணாதீங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் வந்து பார்த்து எழுத்துல கொடுக்கட்டும். அவரையே வேலை முடியற வரைக்கும் விசிட்டுக்கு இவ்வளவுன்னு பேசிக்கங்க. ஒரு விசிட் 2,000ன்னு எட்டு விசிட் வந்தா 16,000. நீங்க நின்னு வேடிக்கை பார்க்கிற நூறு மணி நேரத்தை அந்த 16,000 மிச்சம் பண்ணும். தூக்குக்குண்டு பிடிச்சு அவர் பத்து நிமிஷத்துல கண்டுபிடிக்கிறதை நாம பத்து நாள் நின்னாலும் கண்டுபிடிக்க மாட்டோம். சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக் போடலாமான்னும் அவர்கிட்டயே கேளுங்க. செங்கல் சுவர் கன மீட்டருக்கு 1,900 கிலோ பக்கம், அந்த பிளாக் 550லிருந்து 650 கிலோ. பழைய வீட்டு மேல ஏத்துற பாரம் குறையும், சுவரும் சீக்கிரம் எழும்பும்.

ஜாமான் இறங்குற நேரம் நீங்க இருந்தா அதுவும் நல்ல கூலி. கம்பியை எடை போட்டு வாங்குறோம், ஆனா எண்ணிப் பார்க்கிறதில்ல. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒண்ணு 10.67 கிலோ. ஒரு டன்னுக்கு 94 கம்பி வரணும். மத்த சைஸுக்கும் சுலபமான கணக்கு இருக்கு: விட்டத்தை மி.மீ.ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டரோட எடை. தயாரிப்புல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்தான். 94க்குப் பதிலா 88 கம்பி இருந்தா கேளுங்க. எம்.சாண்ட் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. லாரியில டேப் வச்சு அளங்க. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம்னா 180 கன அடி, அது ரெண்டு யூனிட் ஆகாது, 1.8தான். யூனிட் 6,000ன்னா அஞ்சு நிமிஷத்துல 1,200 ரூபாய். கையில டேப்போட நிக்கிறவருக்கு அடுத்த லோடு சரியா வரும்ங்கிறது என் அனுபவம். அப்புறம், யூடியூப்ல பழைய வீடியோ பார்த்து சிமெண்ட் விலை பேசாதீங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து சிமெண்ட் ஜி.எஸ்.டி. 28%லிருந்து 18%க்கு இறங்கிடுச்சு.

லீவ் போட வேண்டிய நாள் மொத்தமே ஆறோ ஏழோதான், அதை முன்கூட்டியே குறிச்சு மேனேஜர்கிட்ட சொல்லிடலாம். கம்பி கட்டி முடிச்சு, கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள். அன்னைக்கு இன்ஜினியரும் வரணும், ஃபேன் பெட்டி, ஒயரிங் பைப், பாத்ரூம் தளத்தோட இறக்கம் எல்லாம் அதது இடத்துல இருக்கான்னு பார்க்கணும். கான்கிரீட் போடுற நாள், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். அன்னைக்கு ஆளுங்க கலவை சுலபமா ஓடணும்னு தண்ணியைக் கூட ஊத்துவாங்க, இளகினா தரம் போச்சு. பூச்சு வேலைக்கு முந்தின நாள், சுவருக்குள்ள எந்த பைப் எங்க ஓடுதுன்னு டேப்பை வச்சு வீடியோ எடுத்து வச்சுக்கணும். பின்னாடி ஆணி அடிக்கிறப்ப உங்களை நீங்களே வாழ்த்திப்பீங்க. பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்க்கிற நாள். டைல்ஸ் முதல் வரிசை வைக்கிற நாள். பலகை பிரிக்கிற நாள். இது கொஞ்சம் முக்கியம், ஏன்னா சென்ட்ரிங் வாடகை ஏறுதுன்னு சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பாங்க. அதே ஐ.எஸ். 456ல சாதாரண சிமெண்ட்டுக்கே, நாலரை மீட்டர் அகலத்துக்குள்ள இருக்கிற கூரைக்கு முட்டுக்கால் 7 நாளும், அதுக்கு மேல போனா 14 நாளும், 6 மீட்டர் வரைக்கும் இருக்கிற பீமுக்கு 14 நாளும் குறைஞ்சபட்சமா நிக்கணும்னு இருக்கு. பி.பி.சி.ன்னா இன்ஜினியர் சொன்னப்புறம்தான் பிரிக்கணும்.

மத்த நாள்ல ஆபீஸ் வேலையைப் பாருங்க. நிஜமா சொல்றேன். 10.30 மீட்டிங்ல "சார், சிமெண்ட் தீர்ந்துடுச்சு"ன்னு போன் வரும். தினமும் மேஸ்திரிகிட்ட சாயங்காலமே நாளைக்கு என்ன வேணும்னு கேட்டு வாங்கி வச்சுட்டா அந்த போன்ல பாதி வராது. நாலு மாசம் கவனம் சிதறி, அப்ரைசல்ல 5% குறைஞ்சா, 50,000 சம்பளத்துக்கு மாசம் 2,500, வருஷம் 30,000. அது அந்த வருஷத்தோட நிக்காது, அடுத்த ஹைக் எல்லாம் அந்தக் குறைஞ்ச சம்பளத்துமேலதான் வரும். ப்ரொபேஷன்ல இருக்கிறவங்க, புது டீம் மாறினவங்க, வீட்டுல கைக்குழந்தை இருக்கிறவங்க தாராளமா முழு காண்ட்ராக்ட் கொடுங்க. சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை, வீடு ஊர்லன்னா கண்டிப்பா முழு காண்ட்ராக்ட்தான். வாரக் கடைசியில பஸ் பிடிச்சுப் போய் நின்னு கட்டுறதுங்கிறது, வேலையை அப்பா தலையில கட்டுறதோட நாகரிகமான பேர்.

வீடு யார் பேர்ல இருக்கு?

இதை வீட்டுல பேச கூச்சமா இருக்கும். அதனாலதான் தனியா எழுதுறேன். பெரும்பாலும் வீடு அப்பா பேர்ல இருக்கும். மாடிக்குப் பணம் உங்களோடது. சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் மாடி நிலத்தோட சேர்ந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தான் சம்பாதிச்சு வாங்கின வீட்டுக்கு உயில் எழுதாம காலமானா, அம்மா, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி இருந்தா அவங்களுக்கும். தங்கச்சிக்குப் பங்கு கிடையாதுன்னு நினைக்கிறது சட்டமும் இல்ல, நியாயமும் இல்ல. ஆனா நீங்க போட்ட 9 லட்சமும் தனியா எங்கயும் எழுதியிருக்காது. பத்து வருஷம் கழிச்சு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி பேச்சு நிக்கிறது இந்த இடத்துலதான், ஒருத்தர்மேலயும் தப்பில்லாமலே.

மாடியையோ ஒரு பாகத்தையோ அப்பா உங்க பேர்ல செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணலாம். தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1%, அதுக்கும் உச்சவரம்பு உண்டு. இல்ல, உயில் எழுதலாம். எதுவா இருந்தாலும் கூடப்பிறந்தவங்களுக்குத் தெரிஞ்சே நடக்கணும், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நடக்கணும். கட்டினதுக்கு அப்புறம் கேட்டா அது சண்டை மாதிரி ஒலிக்கும். முன்னாடியே கேட்டா யோசனை மாதிரி ஒலிக்கும். குறைஞ்சபட்சம் ஜாமான் பில் எல்லாம் உங்க பேர்ல, பணம் உங்க அக்கவுண்ட்லிருந்து போகட்டும்.

வரியில மிச்சமாகும்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானிங்க. வீடு உங்க பேர்ல இல்லைன்னா கடன் நீங்க கட்டினாலும் கழிவு கேட்க முடியாது. புது வரி முறையில, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கான வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலயும், ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுல பின்னாடி சேர்த்துக் கட்டுறதுக்கு வாங்கின கடனோட அசலை 80சி-ல காட்ட முடியாது. வரிக்காக மாடி கட்டாதீங்க, அவ்வளவுதான்.

பணம் ஒதுக்குறப்ப எஸ்டிமேட்டுக்கு மேல 15% தனியா வைங்க. அது இல்லைன்னா வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம், கூரை போட்டுட்டு பூச்சுக்குக் காசில்லாம நிக்கிற வீடு ஒவ்வொரு தெருவுலயும் ஒண்ணு இருக்கு. ஆறு மாசம் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வைக்கிறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. எமர்ஜென்சி ஃபண்டையும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் தொடாதீங்க. காலமும் பாருங்க: தை கடைசியில ஆரம்பிச்சா கூரை, பூச்சு எல்லாம் மழைக்கு முன்னாடி முடியும். ஐப்பசி, கார்த்திகையில கான்கிரீட் போடுற மாதிரி வச்சுக்காதீங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போற ஆளுங்க ஒரு வாரத்துக்கு வர மாட்டாங்க, கல்யாணத் தேதியை வச்சு அவங்களை விரட்டிப் பிரயோஜனம் இல்ல.

மேஸ்திரிகிட்ட பேசும்போது

லேபர் காண்ட்ராக்ட் எடுத்ததும் நீங்க ஒரு முதலாளி ஆயிடறீங்க. இதை யாரும் சொல்றதில்ல. சாரத்துலிருந்து ஒருத்தர் விழுந்தா முதல்ல உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க, நிக்கணும்தான். ஆளுங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்காங்களான்னு மேஸ்திரிகிட்ட கேளுங்க, பதிவு இருந்தா விபத்துக்கு உதவித்தொகை உண்டு. இல்லாதவங்களைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. சாரக்கம்பு, கயிறு புதுசா இருக்கணும்னு அடம் பிடிங்க. இந்த விஷயத்துல மட்டும் பேரம் பேசாதீங்க.

சதுர அடி ரேட் பேசினதும் அதுல என்னென்ன அடங்கும்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கங்க. சென்ட்ரிங் உண்டா? உள்பூச்சு, வெளிப்பூச்சு ரெண்டுமா? டைல்ஸ் ஒட்டுறது தனியா? மாடிப்படி, அதுக்கு மேல வர்ற ஹெட்ரூம், சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் இதையெல்லாம் சதுர அடியில எப்படிச் சேர்ப்பாங்க? கடைசியில வர்ற தகராறு எல்லாம் இந்த நாலஞ்சு இடத்துலதான் வருது. சனிக்கிழமை சம்பளம் தவறாம கொடுங்க, அது அவங்க வீட்டு அடுப்பு. ஆனா முடிஞ்ச வேலையை அளந்து, அந்த அளவுக்குக் கொடுங்க. முன்பணம் வேலையைத் தாண்டிப் போச்சுன்னா ஆள் அடுத்த சைட்டுக்குப் போயிடுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் மூணு சைட் ஓடணும்.

கடைசி 5%ஐ முதல் பெரிய மழை வரைக்கும் நிறுத்தி வைக்கிறதா பேச்சு ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க. பாதி பேர் முடியாதுன்னுதான் சொல்வாங்க. 3%க்காவது ஒத்துக்கிட்டா நல்லது, ஒத்துக்கவே மாட்டேன்னா பூச்சு முடிஞ்சதும் மொட்டை மாடியில பாத்தி கட்டி ரெண்டு நாள் தண்ணி நிறுத்திப் பார்த்துட்டு செட்டில் பண்ணுங்க. அந்தத் தாள்ல என்னென்ன எழுதணும்னு ஒரு மாதிரியும், 580 மணி நேரக் கணக்குப் போட்ட ஷீட்டும் வீடியோவுக்குக் கீழ டிஸ்க்ரிப்ஷன்ல இருக்கு. ஷீட்ல மூணாவது காலம் வீட்டு ஆளுங்க நேரத்துக்கானது, அதை அவங்களையே நிரப்பச் சொல்லுங்க.